அப்பா கழுவிய சிலை

எங்கள் அப்பா பிரதேச சபையில் தொழிலாளியாக இருந்தார். கழிவுநீர் ஓடும் கான்களைத் துப்புரவாக்குவது, குப்பை அள்ளுவது, ரோட்டில் செத்துக் கிடக்கும் நாயை எடுத்துப் புதைப்பது எல்லாம் அவரும் இன்னும் ஐந்தாறு பேரும்தான். அவர்களில் தமிழர் அவர் ஒருவர்தான். நாங்கள் குடியிருந்தது பெல்மதுளைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில். அம்மா பால் வெட்டப் போவார். அப்பா பஸ் ஏறி டவுனுக்குப் போவார்.

டவுன் சந்தியில் தேசத் தலைவர் ஒருவரின் சிலை நிற்கிறது. சீமெந்தில் செய்து பொன்னிற வர்ணம் பூசியது. வருடா வருடம் அவருடைய நினைவு நாளுக்கு முன் அதைக் கழுவி வர்ணம் பூசுவது அப்பாவின் வேலை. "நாளைக்கு ஐயாவுக்குக் குளிப்பு" என்பார். அன்று மட்டும் துவைத்து மடித்த சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். காகத்தின் எச்சத்தைச் சுரண்டக் கூடாது, ஊறவைத்துத்தான் துடைக்க வேண்டும், சுரண்டினால் மூக்கு தேய்ந்துவிடும் என்று எங்களுக்கு விளக்குவார். ஒருமுறை நினைவு நாள் கூட்டத்தில் சபைத் தலைவர் மாத்தயா மைக்கில் அப்பாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாராம். அதை அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

நான் உயர்தரத்தில் வரலாறு படித்தேன். தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைப் பற்றி ஒரு நாள் பாடம் நடந்தது. அதைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் அந்தச் சிலைக்காரரும் இருந்தார் என்று ரீச்சர் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பாவைப் பெற்றவர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமலே செத்துப்போனவர். அப்பாவுக்கே கல்யாணம் முடிந்த பிறகுதான் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது.

அன்று பின்னேரம் அப்பா நகத்திலே பொன் வர்ணத்தோடு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா இப்ப பளபளன்னு இருக்காரு. நாளைக்கு வந்து பாரு புள்ள" என்றார்.

"யாரு மூஞ்சியக் கழுவிட்டு வாறீங்கன்னு தெரியுமாப்பா? உங்கப்பாவ நாடில்லாத ஆளாக்குனாங்களே, அதுல இவரும் ஒரு ஆளு."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "நெசமாவா?"

"பொஸ்தகத்துலயே இருக்கு."

"எங்க, படி பாப்போம்."

நான் சத்தமாகப் படித்தேன். அவருக்குப் புரியாத சொற்களை நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். கடைசியில், "இதுக்குத்தான் நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போனீங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன். அம்மா என்னை அதட்டினார். அப்பா வெளியே போய், மண்ணெண்ணெய் ஊற்றி நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விழாவுக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் கால் வலிக்கிறது, ஏணியில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டாராம். சிலை வேலை வேறொருவருக்குப் போனது. அப்பாவை முழு நேரமும் கான் வேலைக்கு விட்டார்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். அவர் மறுத்ததை அம்மா போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, மழைக்காலத்தில், கான் தண்ணீரிலிருந்து அப்பாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவருடைய மேற்பார்வையாளர், வயதான சிங்களவர், செவ்விளநீர் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். அந்த மனிதர் வாட்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்.

"நீ ஏணியில ஏற வேணாம், கீழ நின்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா போதும்னு அப்பாகிட்ட சொன்னேன் மகள். அதுக்கும் முடியாதுன்னுட்டான். கால் வலி ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஏன்டான்னு கேட்டேன். 'மகள் படிச்ச புள்ள மாத்தயா, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்'னான். நீ என்ன சொன்னாய்?"

மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அப்பா பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. வேலையை விட்டார். இப்போது என்னோடு இரத்தினபுரியில்தான் இருக்கிறார். நான் இங்கே ரீச்சர். போன மாதம் தோட்டத்தில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது பஸ் அந்தச் சிலைச் சந்தியில் நின்றது. அப்பா தலையைத் திருப்பவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். பல வருடமாகச் சொல்ல நினைத்ததை அப்போது சொன்னேன்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா."

எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"நீ பொய்யா சொன்ன?"

"இல்லப்பா."

"அப்புறம் என்ன."

பஸ் கிளம்பியது. சொன்னது பொய்யில்லைதான். ஆனால் அன்று அவருடைய தகப்பனுக்காக நான் பேசவில்லை, அவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று காட்டத்தான் பேசினேன். சிரித்ததும் அதற்குத்தான். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அப்பா தூங்கிவிட்டார். அல்லது கண்ணை மூடிக்கொண்டார். இறங்கும் வரைக்கும் நான் அவரை எழுப்பவில்லை.