காந்தத்தில் ஒட்டாத டாலர்

வடக்கே டிம்மின்ஸ் ஊரில் யாரோ ஒருத்தி வெள்ளிக்காசுகளை எடைக்குப் போட்டாளாம். அதில் கிடந்த ஒரே ஒரு டாலர், மூட்டை மொத்தத்தையும் விட விலை போகுமாம். பக்கத்து வீட்டு கிஸ்லேன் தன் நாத்தனாரிடம் கேட்டதை ஐலியிடம் வந்து ஒப்பித்தாள்.

"நாப்பத்தெட்டாம் வருஷத்து டாலராம்டி. அந்த வருஷம் கொஞ்சமாத்தான் அடிச்சாங்களாம். அதைப் போய் உருக்கக் குடுத்திருக்கா, பைத்தியக்காரி!"

ஐலி காபிக் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தாள்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? நீயும் போட்டுட்டியா?" சிரிக்க ஆரம்பித்த கிஸ்லேன், ஐலியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கனடாவின் நிக்கல் ஊரான சட்பரியில் சுரங்கத்துக்காரன் பெண்டாட்டிக்குக் காசைச் சோதிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தத்தைக் காட்டினால் புது நிக்கல் காசு தாவி ஒட்டும், பழைய வெள்ளிக்காசு அசையாது. அந்த 1980 ஜனவரியில் வெள்ளி விலை எகிறியதும், ஊரே சமையலறை மேசையில் காந்தத்தோடு உட்கார்ந்துவிட்டது. கணவர் ரெய்னோ குளிரில் நடுங்காமலிருக்க, வீட்டைச் சூடாக்கும் புது கொதிகலன் வாங்கலாமென்று, ஐலியும் அவருடைய காசு டப்பாவைக் கவிழ்த்தாள். ஒட்டாததையெல்லாம் அள்ளிப்போய், மோட்டலில் தராசோடு தங்கியிருந்த வியாபாரியிடம் நேற்று கொடுத்தாள். தோணி பொறித்த டாலர்கள் நிறைய இருந்தன. வருஷத்தை யார் பார்த்தது?

அவள் மாடிக்கு ஓடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். ரெய்னோவின் அண்ணன் உர்ஹோவின் கைக்கடிகாரம் மட்டும் கிடந்தது. அதோடு எப்போதும் கிடக்கும் டாலரைக் காணோம். இவர்களுக்குக் கல்யாணமான நாற்பத்தெட்டாம் வருஷத்துக் காசென்று உர்ஹோ தேடிப்பிடித்துக் கொடுத்தது. மறுவருஷம் பாறை சரிந்து சுரங்கத்துக்குள்ளேயே போய்விட்டார். குடித்தால் ரெய்னோ அதை எடுத்துவைத்துப் பேசுவார்: "தோணியில முன்னாடி உக்காந்திருக்கறது நான். பின்னாடி துடுப்பு போடறது எங்கண்ணன்."

கிறிஸ்துமஸ் அன்றும் பேசினார். அந்தப் போதையில் டப்பாவுக்குள் போட்டிருக்கிறார்.

"நாளைக்குச் சாயங்காலம் டொராண்டோ கிளம்பறேம்மா, நேரா உலைக்குத்தான்," என்று வியாபாரி சொல்லியிருந்தான். வெளியே ஏற்கெனவே இருட்டத் தொடங்கிவிட்டது. கீழே இறங்கி, அவன் தந்த அட்டையைப் பார்த்து மோட்டல் எண்ணை போனில் சுழற்றினாள். விரல் வழுக்கி, மறுபடி சுழற்றினாள்.

"எடுத்தானா?" என்றாள் கிஸ்லேன். குரலில் கேலி போயிருந்தது.

ஐலி இல்லையென்று தலையாட்டினாள்.

சுரங்கத்திலிருந்து எந்த நேரம் போன் வருமோ என்று இந்த வீட்டு மணிக்கே பயந்து வாழ்ந்தவள் அவள். இன்று வேறெங்கோ அடிக்கும் மணியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஜன்னல் பனியில் வண்டி வெளிச்சம் திரும்பியது. ரெய்னோவின் லாரி.

"எடுய்யா," என்றாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.