பழனாயி அக்காவின் மாப்பிள்ளை ஜீப்

கொல்லிமலைமேல் செம்மேட்டில் தாலுகா ஆபீசுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பட்டா மாறுதல், சாதிச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்றுதான் ஆட்கள் வருவார்கள். போன ஐப்பசியில் ஒரு சந்தை நாளன்று பழனாயி அக்கா வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோகிலவாணிக் கண்ணு, மேல கூரை இல்லாம, கரண்டுல ஓடற காரு ஒண்ணு உன்ற கம்ப்யூட்டர்ல தேடிக் குடு. வெல நம்ம கைக்கு எட்டணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிரிண்டர் மக்கர் செய்துகொண்டிருந்தது. வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"சினிமா எதும் எடுக்கப் போறீங்களாக்கா?" என்றேன்.

"எம் புள்ள ஊட்டுக்குப் போகணும்" என்றார்.

பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். விஷயம் எனக்குத் தெரியும்.

பழனாயி அக்கா எங்கள் மலையிலேயே ஆலத்தூர் நாடு என்கிற ஊர்க்காரர். நாற்பத்தெட்டு வயது. மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை என்று மூன்று ஏக்கரை இழுத்துப் பிடித்து நடத்துகிறவர். காட்டுப்பன்றி வந்தால் தகரத்தைத் தட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பிவிடுவார். எந்த ஆபீசிலும் குரலைத் தாழ்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் மலையிறங்கும் பஸ்ஸில் உட்கார வைத்தால் மூன்றாவது வளைவிலேயே ஆள் காலி. எங்கள் ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு எல்லோரும்தான் வாந்தி எடுக்கிறோம். அக்காவுக்கு வருவது வேறு ரகம். பதினோரு வருடத்துக்கு முன்னால் மகள் தாரணியை நாமக்கல்லில் ஹாஸ்டலில் சேர்க்கப் போனவர், அடிவாரம் காரவள்ளி வருவதற்குள் மயங்கி விழுந்துவிட்டார். மகள் தனியாகப் போய்ச் சேர்ந்தாள், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது.

அடுத்த வருடம் பைக்கில் போய்ப் பார்த்தார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு வளைவில் சரிந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அதோடு, மலையிலிருந்து கீழே போகும் பழைய நடைபாதையில் இறங்குவதும் முடியாமல் போனது.

அன்றிலிருந்து அக்கா கீழே போகவில்லை. தாரணி நர்சிங் முடித்ததைப் பார்க்கவில்லை, வேலையில் சேர்ந்ததைப் பார்க்கவில்லை. கீழே சேந்தமங்கலத்தில் சின்ன வெங்காயம் போடுகிற சுரேந்தருக்கும் அவளுக்கும் நடந்த கல்யாணத்தைக்கூட மலையில்தான் வைத்தோம். சம்பந்தி வீட்டார் பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்து, பந்தியில் உட்காராமல் மோர் மட்டும் குடித்தார்கள். ஏதோ வழக்கில் ஜெயித்ததுபோல அன்று முழுக்க அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி.

இப்போது தாரணியும் சுரேந்தரும் சேந்தமங்கலத்தில் புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். பெயின்ட் அடித்தாயிற்று, கரண்டும் வாங்கியாயிற்று. ஆனால் தாரணி ஒரே பிடிவாதமாக நின்றாள். அம்மா வந்து அடுப்புப் பற்றவைத்துப் பால் காய்ச்சினால்தான் குடி போவேன், இல்லாவிட்டால் வீடு பூட்டியே கிடக்கட்டும். அம்மாவும் பிடிவாதம், மகளும் பிடிவாதம், நடுவில் அந்த வீடு என்ன பாவம் செய்ததோ. போனில் எது பேசினாலும் கடைசியில், "நீ எங்க வரப் போற" என்று சொல்லிவிட்டுத்தான் தாரணி வைப்பாள். அந்த ஒரு வார்த்தை அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது.

"மூடுன வண்டியில மூச்சு முட்டுது. டீசல் வாசம் கொடலப் பொரட்டுது. இந்த ரெண்டும் இல்லாத வண்டி கெடச்சா நான் போயிருவேன் கண்ணு" என்றார்.

நாலு மாதம் தேடினோம். சந்தைக்கு வரும்போதெல்லாம் அக்கா கடைக்கு வந்துவிடுவார். திறந்த கரண்டு கார் உலகத்தில் இல்லாமல் இல்லை, வெளிநாட்டில் இருக்கிறது. விலையைச் சொன்னேன். "காரு மட்டுமா, இந்தக் கரட்டு மலையையும் சேத்துத் தாராங்களா?" என்றார். கரண்டிலும் ஓடும், கரண்டு தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடும் என்று இன்னொரு திறந்த கார் வந்தது. "பாதி வழியில வாசம் வந்தா என்ன பண்றது?" என்று அதையும் தள்ளினார். மிருகக்காட்சி சாலையில் ஓடும் பேட்டரி வண்டியைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. அதை ரோட்டில் ஓட்ட முடியாது என்று நான்தான் அந்த மலர்ச்சியைக் கெடுத்தேன். நாமக்கல்லில் கரண்டு ஆட்டோ வைத்திருந்த ஒருவருக்குப் போன் போட்டோம். கொல்லிமலை என்றதும் அவர், "ஏனுங்க, என்ற வண்டி மேம்பாலத்துக்கே மொனகுதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கார்த்திகை போயிற்று, தையும் போயிற்று, வீடு பூட்டியே கிடந்தது. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புது வீடு புக மாட்டார்கள். வைகாசி கடைசி முகூர்த்தத்தையும் விட்டால் பிறகு ஆவணிதான்.

மாசி மாதம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 'கல்யாண ஊர்வலத்துக்கு ஏற்ற திறந்த ஜீப். பேட்டரி வண்டி. விற்பனைக்கு.' ராசிபுரத்தில் அருணாசலம் என்பவர் போட்டிருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜீப் வாடகைக்கு விடுகிறவர். மேளக்காரர் பின்னாலேயே ஆமை வேகத்தில் உருட்டி உருட்டி டீசல் ஜீப்பின் கிளட்ச் எரிந்து போயிருக்கிறது, புகை வேறு நாதஸ்வரக்காரர் மூஞ்சியிலேயே அடித்திருக்கிறது. அதனால் எஞ்சினைக் கழற்றிவிட்டு, முறைப்படி மோட்டாரும் பேட்டரியும் வைத்து, ஆர்.சி.யிலும் மாற்றி வாங்கியிருக்கிறார். இப்போது எல்லோரும் குதிரை சாரட்டுக் கேட்பதால் ஜீப் சும்மா நிற்கிறதாம். ரெக்சின் கூரை, வேண்டாமென்றால் மடித்துப் பின்னால் கட்டிவிடலாம். விலை, அக்காவின் இரண்டு வருட மிளகு. அதிலும் போனிலேயே பேசிப் பேசிக் குறைத்து, முன்பணமும் அனுப்பினார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணாசலமே வண்டியை மேலே ஓட்டி வந்தார். சத்தமே இல்லாமல் வந்து நின்றது. சிவப்பு வெல்வெட் சீட், பானட் முழுக்கத் தோகை விரித்த மயில். அக்காவின் வீட்டுக்காரர் சின்னுசாமி மரவள்ளி லோடு அடிக்கிற டெம்போ டிரைவர். அவர் ஸ்டீரிங்கில் உட்கார, பக்கத்தில் அக்கா, பின்னால் நானும் அருணாசலமும். கூரையை மடித்தாயிற்று. புகையும் இல்லை, வாசமும் இல்லை.

எங்கள் ரோட்டில் வளைவுக்கு வளைவு போர்டு உண்டு. இறங்கும்போது எழுபதில் தொடங்கி ஒன்றில் முடியும். எழுபது போயிற்று. அறுபத்தொன்பதில் அக்கா சிரித்தார். அறுபத்தெட்டில் சிரிப்பு நின்றது. அறுபத்தேழில், "நிறுத்துங்க" என்றார்.

குடலே வெளியே வருவதுபோல் எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் தேடியது மூன்று வளைவுக்குத் தாங்கவில்லை. அருணாசலம் நல்ல மனுஷர். "வண்டிய நான் எடுத்துட்டுப் போறேனுங்க. முன்பணத்த அப்படியே தந்தர்றேன்" என்றார்.

அக்கா ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்தார். வெகு நேரம் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பஸ்ஸுல போனா நீங்களும்தான வாந்தி எடுக்கறீங்க?"

"எடுப்பேன்" என்றார் சின்னுசாமி. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல்.

"டெம்போ ஓட்டறப்ப ஒரு நாளாவது எடுத்தீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "கையில ஸ்டீரிங் இருக்கறப்ப எப்படி வரும்?"

"அதாங்க. வளைவு வர்றது உங்களுக்கு முன்னாலயே தெரியுது. எனக்கு வந்தப்பறந்தான் தெரியுது." அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "அருணாசலம் தம்பி, வண்டிய நானே வெச்சுக்கறேன். ஓட்டப் போறது நானு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எந்த வண்டியா இருந்தாலும் நீங்க ஓட்டுனாப் போதும்னா, நாலு மாசம் என்ற கண்ணக் கெடுத்தது எதுக்குக்கா?"

"கிளட்ச்சு, கியருன்னு ரெண்டு காலும் நாலு கையும் கேக்கற வண்டி எனக்கு எங்க வரும்? இது மிதிச்சாப் போகுது, அமுக்குனா நிக்குது. அப்பறம்..." என்று மயிலைப் பார்த்தார். "இது நல்லா இருக்குது கண்ணு."

மறுநாளே பழகுநர் உரிமத்துக்கு என் கடையிலேயே விண்ணப்பம் போட்டோம். சாலைக் குறிகளைப் படித்துக் காட்டச் சொல்லி மூன்று நாள் என் உயிரை எடுத்துவிட்டு, என் கம்ப்யூட்டரிலேயே எழுதிய பரீட்சையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் தப்பாகப் போட்டார். அதுவும் கேள்விதான் தப்பு என்று இன்றைக்கும் சொல்கிறார்.

முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டி, பக்கத்தில் சின்னுசாமியை உட்கார வைத்துக்கொண்டு, மலைமேலேயே வாசலூர்பட்டி ரோட்டில் பழகினார். முதல் வாரம் ஒரு தென்னை, ஒரு வேலிக்கல், ஒரு கோழி. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. டீக்கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். "மாப்பிள்ள ஜீப்பு போகுது, மாப்பிள்ளையக் காணமே?"

"பக்கத்துல உக்காந்திருக்காரே, கண்ணு தெரியலையா?" என்பார் அக்கா. சின்னுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.

சித்திரையில் வளைவுகளைத் தொட்டார். முதல் நாள் ஐந்து இறங்கி, ஐந்து ஏறினார். அடுத்த வாரம் பத்து. வாந்தி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நாற்பதுக்குக் கீழே ஒரு நாளும் போகவில்லை. அங்கே போனால் திரும்பி ஏற பேட்டரி போதாது என்று சாக்குச் சொன்னார். பயம் என்பது எனக்குத் தெரியும். அந்த நாற்பதுக்குக் கீழேதான் எங்கேயோ, பதினோரு வருடத்துக்கு முன்னால், அவருக்கு நினைவு தப்பியது.

வைகாசி கடைசி முகூர்த்தம் வந்தது. பத்தரைக்குள் பால் காய்ச்ச வேண்டும். விடிந்ததும் கிளம்பினோம். பின்சீட்டில் நான், என் மடியில் புதுப் பித்தளைப் பானை, காலடியில் ஒரு பலாப்பழம், சாமை மூட்டை, மிளகுப் பை. இறக்கத்தில் ஓடும்போது மோட்டாரே பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும், முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள் என்று அருணாசலம் சொல்லியிருந்தார். பேட்டரி முள்ளை முக்காலில் வைத்துத்தான் அக்கா வண்டியை எடுத்தார்.

நாற்பத்திரண்டு வரைக்கும் திருவிழாத் தேர் மாதிரி இறங்கினோம். நாற்பத்தொன்றில் மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, கல்லை எறிவதுபோல் அடித்தது. சின்னுசாமி குதித்து இறங்கிக் கூரையை இழுத்து மாட்டி, பக்கத் திரைகளையும் கட்டினார். ஒரே நிமிடத்தில் திறந்த வண்டி மூடின வண்டி ஆகிவிட்டது. உள்ளே பழைய ரெக்சின் வாசம் குப்பென்று ஏறியது. அடுத்த போர்டு நாற்பது.

"நிறுத்திட்டு மழை விட்டதும் போலாமாக்கா?" என்றேன்.

"பத்தரைக்குப் பால் காச்சணும்" என்றார். முன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாற்பது. முப்பத்தொன்பது. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தார். மேலே ஏறி வந்த பஸ்ஸுக்கு முப்பத்தாறில் ஒதுங்கி நின்று வழி விட்டார். அக்காவின் பின்னங்கழுத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது சாயுமோ என்று. அது சாயவே இல்லை. முப்பத்தொன்றில் முனகல் கேட்டது. பார்த்தால் அக்கா இல்லை, சின்னுசாமி! திரையை விலக்கித் தலையை வெளியே நீட்டி, மழையில் நனைந்துகொண்டே எடுத்தார் பாருங்கள்.

அக்கா ஒரு கையால் மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். "இந்தாங்க, மோந்துக்குங்க. இன்னும் முப்பதுதான்."

இருபத்திரண்டில் நானும் எடுத்தேன். இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

காரவள்ளியில் ஒன்று என்று எழுதியிருந்த போர்டைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினார். மழை விட்டிருந்தது. இறங்கி ரோட்டில் நின்றார். கையைக் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலீங்க!" என்று கத்தினார். "ஒண்ணுமே ஆகல!" டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், பித்தளைப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சின்னுசாமி அசடு வழிந்துகொண்டே கூரையைப் பிரித்து மடித்தார். பேட்டரி முள் முக்காலுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது.

சேந்தமங்கலத்தில் தாரணி புது வீட்டுக் கேட்டில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் வருமென்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவளுக்கு, சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்ற மயில்தான் முதலில் தெரிந்தது. பிறகு ஸ்டீரிங்கைப் பார்த்தாள். பக்கத்தில் ஈரத் துண்டோடு துவண்டு கிடந்த அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பதினோரு வருடப் பேச்சை எல்லாம் அழுதே தீர்த்தாள்.

பத்தேகாலுக்கு அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கிப் பானையின் நாலு பக்கமும் வழிந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா வாசலுக்கு வந்தார். "மாப்ளெ, திரும்பி ஏறணுமே, கரண்டுக்கு எங்க சொருகறது?"

சுரேந்தர் கேட்டுச் சுவரைக் காட்டினார். மழை படாமல் மூடி போட்ட பெரிய பிளக் பாயிண்ட் ஒன்று அங்கே இருந்தது. மேலே தூசியும் சிலந்தி வலையும் படிந்திருந்தது.

"இத எப்பப் போட்டீங்க?"

"ஐப்பசியிலீங்க அத்தை. நீங்க கரண்டு காரு தேடறீங்கன்னு கோகிலவாணி அக்கா போன்ல சொன்ன அன்னிக்கே. உங்க பொண்ணுதானுங்க எலக்ட்ரீசியனக் கையோட கூட்டியாந்து போட வெச்சா."

போன் பேசும்போதெல்லாம் "நீ எங்க வரப் போற" என்று சொல்லி வைத்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அக்கா முந்தானையால் சிலந்தி வலையைத் துடைத்தார். ஒயரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"வர்ற வெள்ளிக்கெழம வாரேன்" என்றார் மகளிடம். "மாவு ஆட்டி வைய்யி."