நாலு மூலையிலும் மாப்பிள்ளை

என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை. கேசட்டாகத்தான் வந்தார்.

காரைக்கால் பக்கம் இது பெரிய அதிசயமில்லை. பையன் பிரான்சில் இருப்பான். லீவு கிடைக்காது, கல்யாணத்துக்கு மட்டும்தான் வருவான். அதற்குள் பெண்ணை வேறு யாரும் பேசி முடித்துவிடக் கூடாதே என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொள்வார்கள். முன்பெல்லாம் பையனுக்குப் பதில் நாற்காலியில் அவன் போட்டோ இருக்கும். எண்பதுகளில் வீடியோ போடும் டெக் வந்த பிறகு சிலர் வீடியோ கேசட் அனுப்ப ஆரம்பித்தார்கள். பையன் திரையில் தோன்றி எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பான். அதைக் கேட்டதும் பையனின் அப்பா சபையில் "சம்மதம்" என்று சொல்லித் தட்டை வாங்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பந்தல், பலகாரம், எல்லாம்.

எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்பட்டது. முந்தைய வருஷம் இதே கூடத்தில் ஒரு வரன் தட்டு வரைக்கும் வந்தது. கடைசி நேரத்தில் அந்த வீட்டுப் பெரியவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. தட்டு திரும்பிப் போன வீடு என்று எங்கள் ஊர் குரும்பகரம் முழுக்க எங்களுக்குப் பெயர். தங்கை அந்த வருஷம் கோயிலுக்குக்கூடப் பின் தெரு வழியாகத்தான் போனாள். இன்னொரு தரம் திரும்பினால் அவளைப் பெண் கேட்டு எங்கள் வாசலை யாரும் மிதிக்கப்போவதில்லை.

இப்படிப்பட்ட நாளில் டி.வி. பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதைத் தவிர இதற்கு ஒரு காரணமும் கிடையாது.

நான் காரைக்காலில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலங்களில் விஞ்ஞானி. ரேடியோ பத்திரிகைகளை வாங்கிப் படித்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவேன், அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பழுது பார்ப்பேன். நான் பழுது பார்த்துக் கொடுத்த ரேடியோக்கள் மிகவும் அமைதியானவை. வெளிநாட்டில் படம் பார்க்கிறவனைச் சுற்றி நாலு பக்கமும் சத்தம் வருமாம், திரையில் மழை பெய்தால் முதுகு நனைந்த மாதிரி இருக்குமாம் என்று எதிலோ படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஏக்கம். இப்போது வாடகை டி.வி., வாடகை டெக், நானே கட்டிய ஆம்ப்ளிஃபயர், நாலு ஸ்பீக்கர் பெட்டி, கூடம் நிறைய ஜனம். விடுவேனா?

டெக்கிலிருந்து டி.வி.க்கு ஒரு வயர். டி.வி.யில் இயர்போன் செருகும் ஓட்டையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு வயர். அந்த ஓட்டையில் பின்னைச் செருகினால் டி.வி. தன் வாயை மூடிக்கொள்ளும். பிறகு பேச்செல்லாம் என் பெட்டிகள் வழியாகத்தான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் இருந்தவற்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தால் இன்னும் அகலமாக இருக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. டி.வி.யோடு சேர்த்ததும் ஆம்ப்ளிஃபயரின் தகர உடம்பில் கரண்ட் ஓடியது. தொட்டால் சுளீரென்று கடித்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். "கூடத்துக்குள்ள செருப்பா?" என்று அம்மா கத்தினாள். கழற்றினேன். கடித்தது. மறுபடி போட்டுக்கொண்டேன்.

டெக் வாடகைக்குக் கொடுத்தவர் ஒரே ஒரு எச்சரிக்கைதான் செய்திருந்தார். "டெக்கு கொஞ்சம் பசியோட இருக்குங்க. நிறுத்தி, திருப்பி, மறுபடி போட்டீங்கன்னா டேப்பைத் தின்னுடும். ஒரே ஓட்டமா ஓட்டிடுங்க." இருப்பதோ ஒரே கேசட். லீவில் வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது.

பாதி பின்னிய சடையோடு தங்கை கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணே, டி.வி. சத்தமே போதும்ணே. உன் வித்தையெல்லாம் என் கல்யாணம் முடிஞ்சப்புறம் வச்சுக்க."

"இதக் கேட்டுட்டு உன் மாமனாரு ரெண்டு கையாலயும் தட்டை வாங்குவாரு, பாத்துக்கிட்டே இரு."

"வாங்கலன்னா?"

நான் குனிந்து வயரை முறுக்க ஆரம்பித்தேன்.

ராகுகாலம் பிறக்குமுன் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு காரைக்காலில் வீடு கட்டி இருப்பவர். நல்ல உயரம், முறுக்கிய மீசை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு உத்தரவு போடுகிற குரல். உள்ளே வந்தவர் நேராகப் போய் வலப்பக்கச் சுவரோரமாக, வலது தோள் சுவரில் படுகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் பகீரென்றது.

"மாமா, அங்க வேணாங்க. நடு மையத்துல உக்காந்தாத்தான் நாலு பக்கமும் சமமாக் கேக்கும்."

"இருக்கட்டும் தம்பி. இங்க காத்து வருது."

"காத்து நடுவுலயும் வருங்க."

அவர் மனைவி குறுக்கிட்டார். "அவரு எங்க போனாலும் ஓரத்துலதான் உக்காருவாரு தம்பி. வுட்டுடுங்க."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு அத்தை!" என்று சொல்லி, அவர் பாதி எழுந்ததும் நாற்காலியை இழுத்துக் கூடத்தின் நட்டநடுவில் போட்டேன். சபை மரியாதைக்காக அவரும் வந்து உட்கார்ந்தார்.

கேசட்டைப் போட்டேன். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. பிரான்ஸ் கேசட் நம் ஊர் டெக்கில் அப்படித்தான் தெரியும் என்று முன்கூட்டியே அறிவித்துப் பழியை அந்த நாட்டின் மேல் போட்டிருந்தேன். மாப்பிள்ளை ஒரு சோபாவின் முன்னால் நின்று கைகூப்பினார். "எல்லாருக்கும் வணக்கம்." நாலு மூலையிலிருந்தும் வணக்கம் வந்தது. பின் வரிசையில் இருந்த சித்தி திடுக்கிட்டுத் திரும்பிச் சுவருக்கு வணக்கம் சொன்னாள். கூடமே சிரித்தது. எனக்கு நெஞ்சு விம்மியது.

"அப்பா, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. உங்க வார்த்தைக்காகத்தான் காத்திருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. தன் அப்பா சபையில் பதில் சொல்வதற்கு வேண்டிய நேரத்தையும் யோசித்து, திரையில் அப்படியே கைகூப்பியபடி பேசாமல் நின்றார். எல்லோரும் நடு நாற்காலியைப் பார்த்தோம். என் அப்பா தட்டை நீட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

மாப்பிள்ளையின் அப்பா வாயைத் திறக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார் திரையில் மாப்பிள்ளை, கேட்டுவிட்டவர் போல. யாரோ களுக்கென்று சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள். படம் முடிந்து திரையில் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறந்தது.

"இன்னொருவாட்டி போடு தம்பி" என்றார் அவர்.

டெக்கின் பசியை நினைத்துக்கொண்டே டேப்பைத் திருப்பிச் சுற்றினேன். சத்தம் போதவில்லை போலும் என்று ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினேன். இந்த முறை மாப்பிள்ளை இடிபோல முழங்கினார். முன்னால் சொன்ன வார்த்தை சுவரில் மோதி, பின்னால் வரும் வார்த்தையின் மேல் ஏறியது. உங்க வார்த்தைக்காக. காத்திருக்கேன். கைகூப்பல். காத்திருப்பு. "ரொம்ப சந்தோஷம்பா."

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா நீட்டிய தட்டை இறக்காமல் ஓரடி முன்னால் வந்தார். 

"என்ன சம்பந்தி, யோசனையா?" என்று சித்தப்பா கேட்டார்.

யோசனை. போன வருஷமும் அதேதான். கதவுக்குப் பின்னால் தங்கையின் வளையல் சத்தம் நின்றுபோனது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலத்துக்கு அதிக நேரம் இல்லை.

"யோசனை ஒண்ணுமில்ல" என்றார் அவர். முகம் சிவந்திருந்தது. "என் வலப்பக்கம் இருக்கற பொட்டி வேலை செய்யல. ஊமையாக் கெடக்கு. அதான் ஒண்ணும் வௌங்கல."

ஓடிப்போய் மூன்றாம் முறை போட்டுவிட்டு, பின்னால் வலப்பக்கம் இருந்த பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். உறுமி மாதிரி அதிர்ந்தது. முன்னால் இருந்ததும் அப்படியே. குழம்பிப்போய் அவருடைய வலது காதருகே குனிந்து, "நல்லா ஓடுதுங்களே மாமா" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"மாமா, பெட்டி ஓடுதுங்க."

மீசை முனைகூட அசையவில்லை. என்னை ஒரு கொசுவாகக்கூட மதிக்காமல் நேரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தேன். எதிரே அவர் மனைவி முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம், சொல்லிவிடாதே.

சுவரோர நாற்காலி, வலது தோள், காற்றுச் சாக்கு, மைதானக் குரல் எல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்தன. பட்டாளத்தில் எந்தத் துப்பாக்கி அந்தக் காதைக் கொண்டுபோனதோ. ஒற்றைக் காதோடு இத்தனை வருஷம் சுவரோரமாக உட்கார்ந்து, ஒருத்தருக்கும் தெரியாமல் ஊரை அதட்டிக்கொண்டிருந்த மனிதரைத்தான் நான் நட்டநடுவில் பிடித்துப் போட்டு, அவர் பெற்ற பிள்ளையின் பேச்சை நாலு பக்கத்திலிருந்தும் வீசி அடித்து, ஒரு வார்த்தைகூடப் பிடிபடாமல் செய்திருக்கிறேன். வெறும் டி.வி. சத்தத்துக்கு இடது காதைக் காட்டியிருந்தால் முதல் தடவையே கேட்டிருப்பார்.

இப்போது என்ன சொல்வது? பெட்டி ஓடுகிறது என்றால், அப்புறம் ஏன் சம்மதம் சொல்லவில்லை என்று சபை கேட்கும். காது என்று சொன்னால், அந்த மீசை அப்படியே எழுந்து வாசலுக்கு நடந்துவிடும். இரண்டிலும் தட்டு திரும்பிவிடும். மிச்சம் இருந்தது ஒரே வழி. அதில் எனக்குப் பல வருஷ அனுபவம் உண்டு.

"ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "மாமா சொன்னது கரெக்டு. இந்தப் பக்கம் பெட்டி செத்துப்போச்சு. நான் கட்டுன லட்சணம்!"

"இல்லடா" என்றாள் பெட்டிக்கு முன்னால் இருந்த சித்தி. "என் முதுகே அதிருதுடா."

"அது பயத்துல அதிருது சித்தி." வயரைப் பிடித்து இழுத்தேன். பெட்டி இப்போது நிஜமாகவே செத்தது.

"அப்பவே சொன்னேன்டா ஒன்கிட்ட, வேணான்னு!" என்று அப்பா தட்டோடு கத்தினார். "ஆபீஸ்லயும் இப்படித்தான் வேல பாக்குறியா?" என்றார் சித்தப்பா. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். யோசனை என்ற சொல்லை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

மற்ற பெட்டிகளையும் பிடுங்கிவிட்டு, ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய இடது பக்கத்தில், காதுக்கு நேராக ஒரு ஸ்டூல் மேல் வைத்தேன். "வயரு இம்புட்டுதாங்க எட்டுது" என்று உரக்கச் சொன்னேன். அவசரத்தில் செருப்பை மறந்து ஆம்ப்ளிஃபயரைத் தொட்டு, கடி வாங்கி, ஒரு துள்ளு துள்ளினேன். அதற்கும் சிரிப்பு.

டெக்கைத் திருப்பினேன். சுற்றியது. திடீரென்று உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். திரையில் மாப்பிள்ளையின் முகம் கோடு கோடாக இழுபட்டது. தின்ன ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேசட்டை வெளியே எடுத்தேன். குடல் சரிந்த மாதிரி டேப் தொங்கியது.  இது அறுந்தால் மாப்பிள்ளை இல்லை, சம்மதம் இல்லை. விரலால் நீவி, சக்கரத்தைப் பென்சிலால் மெல்லச் சுற்றி உள்ளே அனுப்பினேன்.  கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் "சீக்கிரம்பா" என்றார்.

போட்டேன். கசங்கிய இடத்தில் மாப்பிள்ளையின் தலை அலை மாதிரி வளைந்து நெளிந்தது. குரல் மட்டும் நேராக, ஒரே பெட்டியிலிருந்து வந்தது.

அவர் தலை இடது பக்கமாகக் கடுகளவு சாய்ந்தது.

"அப்பா, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. உங்க வார்த்தைக்காகத்தான் காத்திருக்கேன்."

"சம்மதம்!" அந்தப் பக்கம் பூவம் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். "எங்களுக்குப் பரிபூரண சம்மதம்!"

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார் மாப்பிள்ளை, சரியான நேரத்தில்.

அவர் இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கதவுக்குப் பின்னால் வளையல்கள் மறுபடி பேச ஆரம்பித்தன.

பந்தியில் அவர் வரிசையின் கடைசியில், வலது தோள் சுவரில் படும்படி உட்கார்ந்தார். நான் சாம்பார் வாளியோடு வந்தபோது இடது பக்கத்து இலையைத் தட்டி, "ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"அந்தப் பொட்டி நெசமாவே செத்துப்போச்சா?" முதல் தடவையாக அவர் தணிந்த குரலில் பேசிக் கேட்டேன்.

"செத்துப்போச்சுங்க மாமா."

சோற்றைப் பிசைந்தார். பிறகு இலையைப் பார்த்தபடி, "மெர்சி" என்றார், பட்டாளத்துக்காரர்கள் நன்றி சொல்கிற விதத்தில். அடுத்த நொடியே நிமிர்ந்து பந்தி முழுவதற்கும் அறிவித்தார்: "இந்தப் பய கட்டுற பொட்டிய நம்பி ஒருத்தரும் விசேஷம் வச்சுடாதீங்க!"

எல்லோரையும்விட நான்தான் பலமாகச் சிரித்தேன். அதற்குப் பிறகு குரும்பகரத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் ஒலிபெருக்கி விஷயமாக என்னை யாரும் கூப்பிடவில்லை. தங்கை கல்யாணத்துக்கே வேறு ஆள்தான். அங்கும் சித்தி என்னைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றிக்கொண்டு சொன்னாள்:

"நீ என்ன வேணா சொல்லு. என் முதுகு அதிர்ந்துச்சுடா."