தூக்கிப் பிடித்த வலது தோள்

தையல்காரரிடம் பொய் சொன்ன மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதையும் வாயால் சொல்லவில்லை, தோளால் சொன்னேன்.

என் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க வேண்டியிருந்தது. எங்கள் சர்ச்சில் மாப்பிள்ளை கோட்டு போடாமல் நின்றால் சொந்தக்காரர்கள் பூசையையே கவனிக்க மாட்டார்கள். பெங்களூரில் பல வருஷம் இங்கிலீஷ்காரன் முறையில் சூட்டு தைத்துவிட்டு, பாலக்கோட்டில் கடை போட்டிருந்த ஒருவரிடம் போனேன். சும்மா நிற்கச் சொன்னார். நின்றேன். ‘வலது தோள் அரை இஞ்ச் இறக்கம்’ என்று நோட்டில் எழுதினார்.

மார்க்கெட்டில் வருஷக்கணக்காகத் தக்காளிப் பெட்டி சுமந்த தோள், இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்த வாரம்தான், பொம்மிடியில் இருந்த என் வருங்கால மனைவி நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஏன் லோடு ஆட்டோ மாதிரி ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறீர்கள் என்று போனில் கேட்டிருந்தாள். சட்டென்று தோளைத் தூக்கிக்கொண்டு, மறுபடி அளக்கச் சொன்னேன். அளந்தார், நடக்கவிட்டார், உட்காரவைத்தார். நான் இறக்கவே இல்லை. எழுதியதை அடித்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ட்ரையல். கோட்டுக்கு ஒரு கைதான் இருந்தது. மேலெல்லாம் பெரிய பெரிய வெள்ளைத் தையல், சாக்பீஸ் கோடு. நெஞ்சுப் பக்கம் உள்ளே குதிரைமுடி கலந்த முரட்டுத் துணி எட்டிப் பார்த்தது. இது பாதி தைத்ததா, பாதி பிரித்ததா என்று எனக்கு விளங்கவில்லை. போட்டுக்கொண்டேன். தோளுக்குக் கீழே குறுக்காக ஒரு சுருக்கம். தோளைத் தூக்கினால் சுருக்கம் மறைந்தது. மூச்சு விட்டதும் வந்துவிட்டது.

அவருக்கும் குழப்பம். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். பிறகு தோள் தையலை ஒரே இழுப்பில் பிரித்தார். வெட்டியது தன் தப்புதான், இனி முதலிலிருந்து வெட்டத் துணியும் பத்தாது, நாளும் பத்தாது என்று முணுமுணுத்தார். அந்த மனுஷன் தன்னைத்தானே திட்டிக்கொள்வதை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பது?

“அண்ணா, நீங்க மொதல்ல எழுதுனதுதாங்க என் தோளு. அப்புறம் காட்டுனது போட்டோவுக்கு.”

அவர் திட்டவில்லை. உள்ளே கொஞ்சம் பஞ்சு கூட்டி வைத்தால் இறக்கம் வெளியே தெரியவே தெரியாதாம். அதற்காகத்தான் எழுதினாராம். இந்தத் துணியிலேயே சரி செய்துவிடலாமாம். டேப்பை எடுத்தார்.

எனக்கோ சும்மா நிற்பதே மறந்துபோயிருந்தது. தூக்கினேன், இறக்கினேன், இடதையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.

“இப்ப எப்பிடிங்ணா நிக்கணும்?”

“எந்தத் தோளோட தாலி கட்டப் போறீங்களோ, அதோட.”