மார்கழி பன்னிரண்டும் தனு பன்னிரண்டும்

1953 டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மீனாட்சிபுரம் ரயில் நிலையம். மழை இல்லை, மேகம் இல்லை. கிழக்கிலிருந்து வந்த காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. கழுத்தில் மப்ளர், அதற்கு மேல் ஒரு துண்டு, காதில் பஞ்சு. இருந்தும் உதடு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்தவர்கள் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இருபத்தாறு வயது. உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பாலக்காட்டு நண்பன் வீட்டில் இரண்டு நாள் தங்கக் கிளம்பியிருந்தேன். கல்லூரியில் இரண்டு வருடம் நாங்கள் ஒரே பெஞ்சு. அவன் கல்பாத்தி அக்கிரகாரத்துப் பையன். டெல்லியில் அவனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. போய்விட்டால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது.

ஐப்பசியில் எங்கள் ஊருக்கு வந்தபோது அவன்தான் நாள் குறித்தான். "மார்கழி பன்னண்டாந் தேதி வந்துடு. பதிமூணு மத்தியானம் நேக்கு வண்டி. பன்னண்டுக்கு ஆத்துல ஒருத்தரும் இல்லை கேட்டயோ. எல்லாரும் குருவாயூர் போறா. நானே சமைக்கப் போறேனாக்கும்."

அவன் எதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அப்போதே புரிந்தது. அவன் வீட்டுக்கு அதற்கு முன் ஏழு முறை போயிருக்கிறேன். ஏழு முறையும் வாசற்கதவைத் தாண்டியதும் வரும் ரேழியில்தான் உட்கார்ந்தேன். காப்பி அங்கேயே வரும். டம்ளரை நானே கழுவிக் கவிழ்த்து வைப்பேன். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எங்கள் சாதிக்காரனுக்கு அந்தத் தெருவில் அதுவே பெரிய மரியாதை. ஆனால் ரேழிக்கு அப்பால் இருந்த கூடத்தை நான் பார்த்ததில்லை. அதில் அவன் பக்கத்தில் இலை போட்டு உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம். பாலக்காடு டவுனில் இறங்கி, நடந்தால் புழுதி நெஞ்சில் கட்டும் என்று பயந்து ஜட்கா பிடித்தேன். கல்பாத்தியில் கதவைத் தட்டியபோது மணி ஒன்பதே கால்.

கதவைத் திறந்தவன் பேண்ட் போட்டிருந்தான். அவனை நான் பேண்டில் பார்த்ததே இல்லை. அவன் பின்னால் ரேழியில் இரும்புப் பெட்டியும் வாரால் இறுக்கிக் கட்டிய படுக்கையும் இருந்தன.

"ஏண்டா, இன்னிக்கே கட்டி வெச்சுட்டே? நாளைக்குத்தானே வண்டி?" என்றேன்.

"நாளைக்கா? இன்னும் ஆறு மணி நேரத்துல வண்டிடா! நேத்திக்கு எங்க போயிருந்தே?"

"நேத்து பதினொண்ணு. இன்னிக்குத்தான பன்னண்டு?"

அவன் என்னை முறைத்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னிக்குப் பதிமூணு. கணக்கு வாத்தியாராம்! பன்னண்டு வரைக்கும் எண்ணத் தெரியலை. எந்தக் காலண்டரைப் பாத்தே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். பாலக்காடு மதராஸ் ராஜ்யம். எங்கள் வீட்டில் பேச்சுக்குத்தான் மார்கழி. பள்ளி வருகைப் பதிவு, வரி ரசீது, சுவரில் தொங்கும் காலண்டர் எல்லாம் கொல்லம் ஆண்டு. அதில் இந்த மாதத்துக்குப் பெயர் தனு. மார்கழியும் தனுவும் ஒரே மாதம்தான், பெரும்பாலும் ஒரே நாளில்தான் பிறக்கும். ஆனால் சூரியன் ராசி மாறுவது பிற்பகலில் ஆனால் தமிழ்ப் பஞ்சாங்கம் அன்றைக்கே முதல் தேதி என்னும். மலையாளத்தார் மறுநாள்தான் முதல் தேதி என்பார்கள். அந்த வருடம் அப்படித்தான் ஆகியிருந்தது. நண்பன் தமிழனிடம் பேசுகிறோமே என்று தமிழ்த் தேதி சொல்லியிருந்தான். நான் தனு பன்னிரண்டுக்கு வந்து நின்றேன். கிழமையை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ரெண்டு எலை போட்டு வச்சிருந்தேன்," என்றான், குரலைத் தாழ்த்தி. "மொளகூட்டல் பண்ணினேன். ரெண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போய்ப் பாத்தேன். சாயங்காலம் எல்லாத்தையும் பசுவுக்குப் போட்டேன். அதுவும் முழுக்கத் திங்கலை."

"உப்பு அதிகமோ என்னமோ?"

"போடா!"

உள்ளேயிருந்து அவன் அப்பா வந்தார். வாத்தியார் என்பதால் என்னை மலையாள வழக்கில் மாஷ் என்பார். குருவாயூரிலிருந்து முந்தின இரவு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். "மாஷ் வந்தாச்சா? உக்காருங்கோ. அங்க நெல்லெல்லாம் எப்படி?"

"பரவால்லீங்க. காத்துத்தானுங்க ஜாஸ்தி."

உட்கார்ந்தேன், ரேழியில். பதினொன்றரைக்கு எனக்கு அங்கேயே இலை போட்டார்கள். சாம்பார், எரிசேரி, பப்படம், பாயசம். ஒரு குறையும் இல்லை. அவனுக்குக் கூடத்தில். நடுவில் ஒரு சுவர். அவன் மோர் கேட்பது எனக்குக் கேட்டது. நான் ரசம் உறிஞ்சுவது அவனுக்குக் கேட்டிருக்கும். இரண்டாம் முறை சாதம் போட வந்த அவன் அம்மாவிடம், போதுமுங்க என்று கையைக் குறுக்கே வைத்தேன். பசி இருந்தது.

டெல்லிக்கு மதராஸ் போய்த்தான் வண்டி மாற வேண்டும். அந்த வண்டியைப் பிடிக்க ஒலவக்கோடு ஸ்டேஷனுக்கு அவனும் அவன் அப்பாவும் நானும் போனோம். எனக்கு டவுனிலிருந்து மாலை வண்டியில் ஊர் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அவன் பெட்டிக்கு இடம் பார்க்கப் போனபோது நான் டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன். என்ன நினைத்தேன் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. போத்தனூருக்கு ஒரு மூன்றாம் வகுப்பு கேட்டு வாங்கினேன். மதராஸ் போகும் வண்டிக்கு அது நாற்சந்தி மாதிரி. அங்கிருந்து பொள்ளாச்சி வழியாக எங்கள் ஊருக்குத் தனி வண்டி உண்டு. ஊர் சுற்றி வருகிற வழிதான். அது கிடைக்குமா, தவறினால் போத்தனூர் பிளாட்பாரக் குளிரில் என் நெஞ்சு என்ன ஆகும் என்ற கவலையும் கூடவே வந்தது.

விசில் ஊதினதும் நானும் ஏறினேன். அவன் அப்பா திகைத்துப் போனார்.

"மாஷ், நீங்க எங்க ஏறறேள்?"

"போத்தனூர் வரைக்குமுங்க. அங்கிருந்து ஊருக்கு வண்டி இருக்குதுங்க."

 வண்டி நகரத் தொடங்கியது. அவர் கூடவே இரண்டு எட்டு நடந்தார். மகனிடம் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "எலுமிச்சஞ்சாதம் ரெண்டு பேருக்குக் காணும். சேந்து சாப்பிடுங்கோ."

இடம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் அவன் பெட்டியின் மேல் நெருக்கி உட்கார்ந்தோம். கஞ்சிக்கோடு தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தான். ஒரே இலை. அவனுக்கு அரைப் பசிகூட இல்லை. மதியச் சாப்பாடு அப்படியே இருந்தது. என்றாலும் வாளையார்க் காடு வரும்வரை சாப்பிட்டோம். காற்று சோற்றில் மண் தூவியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையாட்ட ஒரே எலைலயா?" என்று கேலி செய்தார். நண்பனுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அவன் தலையில் தட்டினேன்.

பேச நினைத்ததில் எதையும் பேசவில்லை. டெல்லியில் குளிருக்கு நல்லெண்ணெய் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்?

போத்தனூரில் இரண்டு காப்பி வாங்கினேன். அவன் குடித்து முடிக்கும் முன் வண்டி கிளம்பிவிட்டது. "அடுத்த லீவுக்கு வரேண்டா. நீ வா, கூடத்துல உக்காந்து சாப்பிடலாம். தேதி சொல்லமாட்டேன், கிழமை சொல்றேன்!" என்று கத்தினான். அந்தக் கிழமையைச் சொல்லவே இல்லை. டெல்லியிலேயே கல்யாணம் செய்துகொண்டான், அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டான். வீட்டை விற்றுவிட்டார்கள். அந்தக் கூடம் எப்படி இருக்கும் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தூண் இருந்ததா, மேலே திறந்திருந்ததா, இரண்டு இலைக்கு இடம் தாராளமாக இருந்ததா என்று இந்த வயதில் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

அவனோடு வண்டியில் இருந்தது ஒரு மணி இருபது நிமிடம். செலவு: பாலக்காட்டுக்குப் பதினோரு அணா, ஜட்காவுக்கு ஆறு, போத்தனூர் டிக்கெட் பதின்மூன்று, காப்பிக்கு நாலு, வீடு திரும்பப் பதினைந்து. ஆக மொத்தம் மூன்று ரூபாய் ஓரணா.