கடலைக் காட்டில் டூட்டி

எங்கள் ஊரில் இரண்டு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. ஒருவர் என் மாமனார். பங்களாதேஷ் சண்டையில் லாரி ஓட்டி, பிறகு சுபேதாராகி, பென்ஷனோடு குஜிலியம்பாறைப் பக்கத்து இந்தப் பொட்டல் காட்டுக்கே திரும்பி வந்தவர். இன்னொருவர் அதே சண்டையில் அவர் படைக்குச் சமைத்துப் போட்டவர். நெய்க்காரப்பட்டிக்காரர். "நம்ம ஊருல காத்து நல்லாருக்கும், வந்துருப்பா" என்று மாமனார் எப்போதோ சொன்னதை ஆர்டராக எடுத்துக்கொண்டு, பெட்டி படுக்கையோடு இங்கே குடிவந்துவிட்டார். காற்று மட்டும்தான் நன்றாயிருக்கும், தண்ணீர் இருக்காது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்காக அவர் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

தினமும் காலையில் டீக்கடை வாசலில் சமையல்கார மாமா விறைப்பாக நின்று சல்யூட் வைப்பார். என் மாமனார் அதை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கை தூக்குவார். அதன் பிறகுதான் டீ. மறந்தும் மாமனார் முதலில் கை தூக்கமாட்டார். "பெரிய ரேங்குக்காரன் முந்துனா ராணுவமே கவுந்துரும் தாயி" என்று எனக்கு விளக்கம் வேறு. ரிட்டயராகி எத்தனை காலம் ஆயிற்று, இன்னும் எந்த ராணுவம் இவர் கையில் தொங்குகிறதோ!

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு இரும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். காட்டைச் சும்மா போட்டுவிடு என்றார்கள் எல்லாரும். என் கொழுந்தன் ஒருபடி மேலே போய், "பொம்பள ஒத்தையா வெள்ளாம பாத்து என்னத்தக் கிழிக்கப் போறீக மதினி?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் வைத்துக் கேட்டான். சாம்பார் வாளியை அவன் தலையில் கவிழ்க்காமல் விட்டதே பெரிய காரியம். ஆடி பிறந்ததும் கையிலிருந்த விதைக்கடலை முழுக்கப் போட்டேன். தப்பினால் மறுபடி போட ஒரு பருப்பு கிடையாது. இது விளையவேண்டும், அவன் முகத்துக்கு நேரே விளையவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

எதிரி மயில். வேர் பிடிப்பதற்குள் கிளறித் தின்றுவிடும். முருகன் வாகனமாயிற்றே என்று கல்லெறியவும் கை வராது. அது அந்த மயில்களுக்கும் தெரியும்.

நான் புலம்பியது பட்டாளத்தின் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் காலை என் வாசலில் கோலத்துக்கு மேலேயே காட்டின் படத்தை வரைந்து வைத்திருந்தார் மாமனார். காட்டில் நான் நட்டிருந்த சோளக்கொல்லைப் பொம்மையை ஒரே வரியில் தள்ளிவிட்டார். "அது டூட்டி பாக்காது. சும்மா நிக்கும். தழையக் கட்டி மறஞ்சு நிக்கணும். மயிலு எறங்குனதும் படக்குன்னு கைதட்டணும்." சமையல்கார மாமாவின் உடம்பு முழுக்க அகத்திக் கொப்புகளை வைத்துக் கட்டினார்கள். பார்க்க அமாவாசைக்குப் பசுமாட்டுக்குப் போடுகிற கட்டு எழுந்து நடந்த மாதிரி இருந்தது.

அவரைக் காலையில் காட்டில் நிறுத்திவிட்டு, என் மாமனார் கண் ஆஸ்பத்திரிக்கென்று திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானம் நான் கஞ்சியும் வெஞ்சனமும் கொண்டு போனபோது, ஒரு கிடை ஆடுகள் சமையல்கார மாமாவைச் சுற்றி நின்று மேய்ந்துகொண்டிருந்தன. அவர் அசையவில்லை. தழைதான் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வெள்ளாடு முன்னங்காலை அவர் மார்பில் ஊன்றி, காதோரத்துக் கொழுந்தைக் கடித்தது. நான் கம்பெடுத்து விரட்டினேன்.

"ஏன் மாமா, நீங்களே வெரட்டக்கூடாதா?"

"எதிரி மயிலுதானுங்க அம்மிணி. ஆட்டப் பத்தி ஆர்டர் ஒண்ணும் இல்லீங்க."

காக்கி டவுசர், பனியன், இடுப்பைச் சுற்றி வெறும் குச்சிகள். அந்தக் கோலத்தில் கஞ்சியைக் குடித்துவிட்டு மறுபடி நின்றார். ஒரு மயில் வந்தது. அவரைப் பார்த்த திகைப்பிலேயே திரும்பிப் பறந்துவிட்டது.

பொழுது சாயும்போது மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"சாப் வந்து டூட்டி மாத்தாம நகரக்கூடாதுங்க." சாப் என்றால் என் மாமனார்.

"காடு என்னோடது. நான் சொல்றேன், வாங்க."

"நீங்க சிவிலியனுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாருக்குப் போன் போட்டேன். "அய்யய்யோ, மாத்த ஆளு போடாம வந்துட்டேனே" என்று பஸ்ஸிலிருந்தே கத்தினார். அவர் போனிலேயே உத்தரவு போட்டும் சமையல்கார மாமா ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் நேரில் வந்து மாற்றவேண்டுமாம். மழை பிடித்துக்கொண்டது. எழுபதைத் தாண்டிய மனுஷர், பல் கிட்டிக்க நடுங்குகிறார், அப்போதும் பார்வை முழுக்கக் கடலைப் பாத்தியில்தான். எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு கிழங்களையும் கட்டிவைத்து உதைக்கலாம் போலவும் இருந்தது.

என் மாமனார் பஸ்ஸை விட்டிறங்கி வரப்பில் தடுமாறிக்கொண்டு ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டிருந்தார்கள். எல்லாம் மங்கல். நேரே சோளக்கொல்லைப் பொம்மையின் முன்னால் போய் நின்றார். அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "மறந்துட்டேன்டா அப்பு, என்னைய மன்னிச்சுரு" என்றார். பிறகு விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார்.

"ஏனுங்க சாப், அது பொம்மைங்க. நான் இங்க இருக்கறனுங்க."

மாமனார் குரல் வந்த பக்கம் திரும்பினார். மறுபடி, அவரே முந்திக்கொண்டு, சல்யூட் வைத்தார். பதிலுக்குக் கை தூக்கச் சமையல்கார மாமாவுக்குச் செத்த நேரம் பிடித்தது. ராணுவம் ஒன்றும் கவிழவில்லை.

"சரி, ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றேன்.

"அது எப்படிங்க? சாப் மாத்திட்டாரு. இனி சாப் டூட்டிங்க."

மாமனாரும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். கண் தெரியாத காவல்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்போது மாமனார் கையை நீட்டித் தடவி என் தோளைப் பிடித்து, பாத்தியைப் பார்த்து நிறுத்தினார்.

"காடு ஒன்னோடதுதான தாயி? இனிமே நீதான் டூட்டி."

இரண்டு பேரும் சேர்ந்து நின்று எனக்குச் சல்யூட் வைத்தார்கள். எனக்கு அதை எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி கையைத் தூக்கினேன். கண்ணீரா மழையா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஒருவருக்கு எப்படியும் கண் தெரியவில்லை.

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அவர்கள் வரப்பில் போய் மறைந்த பிறகுதான் உறைத்தது. என்னை யார் வந்து மாற்றுவார்கள் என்று கேட்கவே இல்லை. மழையில் எந்த மயிலும் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் நகரவில்லை.