கையெழுத்து அழகான குமாஸ்தா

மீனாட்சிபுரத்தில் மாடு பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய ஆள் நான். எப்படியோ பி.எட். முடித்து, இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தமிழாசிரியர் ஆகிவிட்டேன். குரங்குக் குல்லாய், அதன்மேல் மஃப்ளர் என்று வகுப்புக்குள் நுழைந்தால், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள்.

அந்த வருஷம் பதினோராம் வகுப்புக்கு ஒரு மொழிபெயர்ப்பு நாவல். பேர் சொல்லாத ஒரு தேசம், அதை ஆளும் சர்வாதிகாரி. அவர் வருவது ஒரே பக்கம். மீதிக் கதை முழுக்க இரண்டு குமாஸ்தாக்கள். ஒருவன் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுவான். மற்றவன் ஒரே ஒரு தாளில் போட மாட்டேன் என்பான். ஒருவனுக்கு மற்றவன் எதிர்ப்பாத்திரம் என்றேன்.

"எதிர்ப்பாத்திரம்னா என்ன சார்?"

குல்லாயைக் கழற்றினேன். "முடி நிறைய இருக்கிற பிரின்சிபால் பக்கத்துல நான் நின்னா என்ன தெரியுது?"

"வழுக்கை."

"பாத்தீங்களா? அவர் நிக்கறதாலதான் தெரியுது."

"தனியா நின்னாலும் தெரியுது சார்" என்றாள் மூன்றாம் பெஞ்சுப் பெண்.

அடுத்து நாவலின் மையக்கருத்தைக் கேட்டேன். சர்வாதிகாரம் தப்பு என்றார்கள். "அது நோட்ஸ் போடுறவன் சொல்றது. கையெழுத்துப் போடுறவனோட எழுத்து அழகுன்னு நாவல்ல திரும்பத் திரும்ப வருதே, ஏன்?" யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மணி அடித்துக் காப்பாற்றியது. போகிற போக்கில், உங்கள் ஊரிலிருந்தே இப்படி ஒரு ஜோடியை எழுதி வாருங்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

மூன்றாம் பெஞ்சுப் பெண் அவள் அம்மாவையும் சித்தியையும் எழுதியிருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. போன மழையில் கம்பெனியிலிருந்து பெரியவர்கள் வீடுகளைப் பார்க்க வந்தார்கள். சித்தி அவர்களை உள்ளே கூப்பிட்டு, பிள்ளைகள் படுக்கும் இடத்தில் ஒழுகும் கூரையைக் காட்டினாள். அம்மா வீட்டிலும் அதே ஒழுகல். அவளோ வாசலில் நின்று, "எல்லாம் நல்லாருக்கு சார்" என்று சிரித்தாள். ஒரு வாரத்தில் சித்தியை இரண்டு மலை தள்ளி வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். கட்டுரை இப்படி முடிந்தது: "எங்கம்மா சிரிப்பு ரொம்ப அழகு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் வாசித்துவிட்டேன்.

எங்கள் பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி எப்போதும் தோட்டத்து சூப்பர்வைசருக்குத்தான். ஜீப் தருவதும் டீ அனுப்புவதும் அவர். நான் பேரைச் சொல்லாமல்தான் வாசித்தேன். வீட்டுக்கு வீடு ஒரு தோப்பு இடைவெளி இருக்கும் ஊர்க்காரன் புத்தி அது. ஒரே சுவரைப் பங்குபோடும் லயத்தில் தும்மினாலே யாரென்று தெரியும். இரண்டாம் பத்தி முடிவதற்குள் கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில், கொழுந்துக் கறை ஏறிய விரல்களோடு ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரையில் வரும் அம்மா அவள்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கொள்ளாம் மாஷே" என்று மலையாளத்தில் மெச்சினார் சூப்பர்வைசர். "இது எந்த லயம்?"

கதவோரம் நின்ற மகள் என்னையே பார்த்தாள்.

"சும்மா கற்பனைங்க. பிள்ளைங்க எழுதறதுதானுங்களே" என்று சிரித்தேன். எங்கள் பக்கம் சண்டைக்குப் போனாலும் 'ங்க' போட்டுத்தான் போவோம். அன்றைக்கு நான் சண்டைக்கும் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் அம்மா படியோரம் நின்றிருந்தாள். "எனக்கு சர்வீஸ் ரெண்டு மாசத்துல முடியுது சார். வேலை முடிஞ்சா வீட்ட விட்ரணும். பிள்ள பிளஸ் டூ எழுதுற வரைக்கும் இருந்துக்கோன்னு வாய்வார்த்தையா சொல்லியிருந்தாங்க. அதுக்குத்தான் அன்னிக்குச் சிரிச்சேன்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை முடிந்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் பேசியே தீர்வது என்று விடியலில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஆள் எண்ணி வேலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்தா மாஷே?"

"சும்மா நடக்க வந்தேனுங்க" என்றேன். மூன்று கிலோமீட்டர், அந்தக் குளிரில்.

டி.சி. வாங்க மகள்தான் வந்தாள். தேனிப் பக்கம் மாமா வீட்டுக்குப் போகிறார்களாம். "படிப்பு?" என்றேன். "பாக்கணும் சார்" என்றாள். விண்ணப்பத்தில் விலகும் காரணம் என்ற இடத்தை வகுப்பாசிரியரான நான்தான் நிரப்ப வேண்டும். 'குடும்பம் இடம்பெயர்வு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

தாளைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க கையெழுத்து அழகா இருக்கு சார்" என்றாள். குரலில் கோபம் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூம் பக்கம் நடந்தாள்.